பழுது விளக்கில் இல்லை

இரவு ஒன்பது மணிக்கு மேல் தமிழகத்தின் எந்த மாநில நெடுஞ்சாலையில் சென்றாலும் ஒற்றைக் கண்ணோடு வரும் கார்களைக் காணலாம். எதிரே வருவது இருசக்கர வண்டி என்று எண்ணி, அதற்குரிய இடத்தை மட்டும் விட்டு ஒதுங்குகிறோம். நெருங்கிய பிறகுதான் அதன் அகலம் தெரிகிறது. எரியாமல் இருப்பது அந்தக் காரின் வலப்புற விளக்கு, அதாவது சாலையின் நடுக்கோட்டை ஒட்டிய விளக்கு என்றால் ஆபத்து இருமடங்கு. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகள் எல்லாவற்றிலும் முகப்பு விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்றாகிவிட்டது. ஒற்றை ஒளி என்றால் இருசக்கர வண்டி என்று மனம் முடிவு கட்டிவிடுவதற்கு அதுவும் ஒரு துணை.

இந்தக் கார்களை ஓட்டுவோர் எல்லாரும் அலட்சியக்காரர்கள் அல்லர். கேட்டுப் பாருங்கள். "இரண்டு முறை பல்பு மாற்றியாயிற்று, மறுபடியும் போய்விட்டது" என்பார்கள். சிலர் விளக்குக் கூட்டையே மாற்றியிருப்பார்கள். செலவு செய்யாத குற்றம் அவர்களுடையதன்று. பழுது எங்கே இருக்கிறது என்று யாரும் தேடவில்லை என்பதுதான் குறை. பழுது பார்த்தல் என்ற சொல்லில் 'பார்த்தல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை நாம் கைவிட்டு 'மாற்றுதல்' என்பதை அந்த இடத்தில் வைத்துவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

இலக்கியம் பேசும் இடத்தில் கார் விளக்குக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நாம் வகுப்பறையில் ஆண்டுக்கணக்காகச் செய்துவருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு பாடலில் பொருள் தடைப்பட்டால், தடை எங்கே இருக்கிறது, சொல்லிலா, சொற்புணர்ச்சியிலா, ஏடெழுதியவர் பிழையிலா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவது. தெரியாத சொல்லை மாற்றி எழுதிவிட்டுப் பொருள் கிடைத்துவிட்டது என்று சொல்பவரை நாம் பதிப்பாசிரியராக மதிப்பதில்லை. நோயையும் அதன் முதலையும் அறிந்த பிறகே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்ற வரிசையை வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அந்த வரிசை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று.

* * *

கார் முகப்பு விளக்கின் மின்பாதை மிக எளியது. பாட்டரியின் நேர்முனையிலிருந்து மின்சாரம் புறப்படுகிறது. பியூஸ், சுவிட்ச், ரிலே, டிம்-பிரைட் மாற்றும் டிப்பர், கப்ளர், பல்பு என்று கடந்து, பல்பின் மறுமுனையிலிருந்து வண்டியின் இரும்பு உடலில் இறங்கி, அதன் வழியே பாட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழியைத்தான் நம் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். பியூஸும் ரிலேயும் நிற்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சில ஜப்பானிய வடிவமைப்புகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். எப்படியானாலும் போகும் வழி, திரும்பும் வழி என்ற இரண்டும் முழுமையாக இருந்தால்தான் விளக்கு எரியும். நாம் போகும் வழியை மட்டுமே நினைக்கிறோம், திரும்பும் வழி நினைவுக்கு வருவதே இல்லை. பாதி விளக்குப் பழுதுகள் அங்கேதான் குடியிருக்கின்றன என்று அனுபவமுள்ள எந்த எலெக்ட்ரீஷியனும் சொல்வார்.

சில கணக்குகளைச் சொல்லாமல் இதை விளங்கவைக்க முடியாது. பரவலாக வழங்கும் எச்4 வகை ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள் இருக்கும்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். 12 வோல்ட்டில் 55 வாட் என்றால் ஏறத்தாழ நாலரை ஆம்பியர். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்பது. இந்த ஒன்பது ஆம்பியர் போகும் பாதையில், ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை எங்கேனும் ஏற்பட்டால் போதும், 0.9 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். தொலைவது மட்டுமல்ல, எட்டு வாட் வெப்பமாக அந்த இடத்தைச் சுடும். சுவிட்சுகள் உருகுவதும் கப்ளர்கள் பழுப்பேறிப் பொரிவதும் இதனால்தான்.

ஹாலஜன் விளக்கின் ஒளி, மின்னழுத்தம் குறைவதற்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாக வீழ்கிறது. மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடும். பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்து பல்பின் காலில் 11.3 மட்டுமே வந்து சேர்கிறதென்றால், ஓட்டுநர் மூன்றில் ஒரு பங்கு ஒளியை இழந்து ஓட்டுகிறார் என்று கொள்ளலாம். முன்னால் 155 மீட்டர் தொலைவில் உள்ள மனிதரும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தொலைவைக் கடக்க ஏழு நொடி போதும். வழியில் தொலைந்த ஒரு வோல்ட், அந்த ஏழு நொடியிலிருந்து பறிக்கப்படுவது.

* * *

ஆகவே பழுதுக்கு ஓர் இலக்கணம் உண்டு. அறிகுறியைச் சரியாகக் கேட்டால் இடம் தானாகத் தெரியும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால், இரு பக்கத்துக்கும் பொதுவான சுவிட்சையும் ரிலேயையும் சந்தேகிக்கத் தேவையில்லை. அந்தப் பக்கத்துக்கு உரியவற்றை, அதாவது பல்பு, ஹோல்டர், அப்பக்கத்து எர்த், தனிப் பியூஸ் இருந்தால் அது, இவற்றை மட்டும் பார்த்தால் போதும். பல்புகளை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது பல்போடு சேர்ந்து மறுபக்கம் போனால் பல்பு குற்றவாளி. போகாமல் அதே பக்கத்தில் தங்கினால் பல்பு நிரபராதி. காசில்லாத சோதனை இது. மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடாதிருப்பது நல்லது. விரலின் எண்ணெய்ப் பசை அந்த வெப்பத்தில் ஓரிடத்தை மட்டும் கூடுதலாகச் சூடாக்கி, பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால் பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும்: பொதுப் பியூஸ், ரிலே, சுவிட்ச், டிப்பர். டிம் எரியாமல் பிரைட் மட்டும் எரிகிறதென்றால் வழி பிரியும் டிப்பரிலோ அதற்கு அப்பாலோ பழுது. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 'இரண்டும் ஒன்றாகப் போயிற்று' என்று சொல்பவரின் வாக்கை அப்படியே நம்பலாகாது. மூன்று மாதங்களுக்கு முன்பே ஒன்று போயிருக்கும், கவனித்திருக்கமாட்டார். இரண்டாவதும் போன அன்றுதான் இருட்டு தெரிந்திருக்கும். சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

பல்பு அடிக்கடி போகிறதென்றால், அதற்கு வரும் மின்சாரம் மிகுதியா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டி இருப்பது இயல்பு. 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. ஐந்து விழுக்காடு மிகுதியே பல்பின் ஆயுளை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். இந்த நோய்க்கு எத்தனை பல்பு மாற்றினாலும் பல்பு விற்பவருக்குத்தான் நன்மை.

எல்லாவற்றையும்விட விந்தையானது எர்த் பழுது. சக பேராசிரியர் ஒருவரின் காரில் இதை நேரில் கண்டோம். டிம் போட்டால் இடது விளக்கு மங்கிய செம்மையில் கனன்றது. எரியவே கூடாத பிரைட் இழையும் கூடவே லேசாகச் சிவந்தது. டேஷ்போர்டில் பிரைட்டுக்குரிய நீலப் பொட்டு மெல்ல மினுங்கியது. வண்டியைப் பார்த்த பட்டறையில் பல்பை இருமுறை மாற்றினார்கள், மூன்றாம் முறை விளக்குக் கூட்டையே மாற்ற வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். பிறகு சாலையோரத்தில் கடை வைத்திருந்த ஓர் எலெக்ட்ரீஷியன், நீலப் பொட்டைப் பார்த்ததுமே, "சார், கரண்டு திரும்பிப் போக வழியில்லாம அலையுது" என்றார். இடது விளக்கின் எர்த் காலிலிருந்து ஒரு தனி வயரைப் பாட்டரியின் எதிர்முனைக்குக் கொடுத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிறகு முட்கார்டின் உட்புறம் துருப்பிடித்திருந்த ஒரு திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முறுக்கினார். அவ்வளவுதான்.

அவர் சொன்ன வாக்கியத்தைவிடத் துல்லியமாக அதை விளக்க முடியாது. இடப்பக்கத்து எர்த் அறுந்ததும், டிம் இழை வழியாக வந்த மின்சாரம் இறங்க இடமின்றி, அதே பல்பின் பிரைட் இழைக்குள் எதிர்த்திசையில் நுழைகிறது. அங்கிருந்து பிரைட் வயர் வழியாக வலப்பக்கத்துப் பல்புக்கும் நீலப் பொட்டுக்கும் சென்று, அங்கே இருக்கும் நல்ல எர்த்தில் இறங்குகிறது. மூன்று இழைகள் ஒரே வரிசையில் அமைந்து அழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் எல்லாமே மங்கலாக எரிகின்றன. இதை அறிந்தவருக்கு நீலப் பொட்டு ஒரு முழு வாக்கியம். அறியாதவருக்கு அது வெறும் பொட்டு.

* * *

சோதனை முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் வாங்கிய பலர், வண்டியை அணைத்துவிட்டு வயரின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்து, 'தொடர்பு இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டுகிறார்கள். பத்துப் பதினைந்து செப்பு இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் தொடர்பு இருப்பதாகத்தான் காட்டும். அந்த ஓர் இழையால் நாலரை ஆம்பியரைச் சுமக்க முடியாது. எனவே விளக்கை எரியவிட்டு, சுமையோடு சோதிக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி நேர்முனையிலும் மறுமுனையை, பின்பக்கமாகக் கப்ளருக்குள் நுழைத்து, பல்பின் நேர்க்காலிலும் வைத்தால் வழியில் தொலைந்த வோல்ட் தெரியும். எர்த் பக்கமும் அவ்வாறே. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்தில் தேடத் தொடங்கலாம். அகராதியில் ஒழுங்காக நிற்கும் சொல், வாக்கியத்தின் பாரத்தை ஏற்றியதும் முறிந்துபோவதை நாம் கண்டதில்லையா? அது போலத்தான்.

நாகப்பட்டினம், இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் கப்ளரைக் கழற்றினால் செப்புக் கால்களில் பச்சை பூத்திருக்கும். தமிழில் அதற்குக் களிம்பு என்று பெயர். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாகச் செம்பில் ஏறிய களிம்பைச் சொல்வது தமிழ் படித்தோர் அறிந்ததே. செம்பு அழிவதில்லை, மறைந்து கிடக்கிறது. தேய்த்தால் மீண்டும் ஒளிர்கிறது. எலெக்ட்ரீஷியனின் உப்புத்தாள் செய்வதும் அதையேதான். செம்பையே தூக்கி எறியச் சொல்வது எந்தச் சித்தாந்தத்திலும் இல்லை.

தேடாமல் தீர்க்க நினைப்பவர்கள் இரண்டு கொடிய குறுக்குவழிகளைக் கைக்கொள்கிறார்கள். பியூஸ் போனால் அதன் இடத்தில் வயர் இழையையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ சுற்றிவைப்பது ஒன்று. பியூஸ் என்பது தான் எரிந்து வண்டியைக் காக்க வைக்கப்பட்ட காவலாளி. பத்து ஆம்பியர் சிவப்புப் பியூஸ் மீண்டும் மீண்டும் போனால், எங்கோ வயர் உராய்ந்து ஷார்ட் ஆகிறது என்று அது கத்துகிறது. காவலாளியின் வாயில் துணியை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது தீ விபத்துக்கு விடுக்கும் அழைப்பு.

மற்றொன்று, வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட்டுக்கு மேற்பட்ட பல்புகளைப் போடுவது. 55 வாட்டுக்கென்று இழுக்கப்பட்ட மெல்லிய வயரில் மின்னோட்டம் ஏறத்தாழ இருமடங்கானால், வழியில் தொலையும் வோல்ட்டும் இருமடங்காகும். அங்கே பிறக்கும் வெப்பமோ நான்கு மடங்கு. களிம்பேறிய கப்ளர் உருகும். மிஞ்சிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும். ஒரு காலத்தில் நம் ஊர் லாரிகளும் பேருந்துகளும் முகப்பு விளக்கின் மேற்பாதியில் கறுப்பு வண்ணம் பூசியிருந்தன. எதிரே வருபவனும் வீடு போய்ச் சேர வேண்டியவன் என்ற நினைவு அந்தக் கறுப்பு வண்ணத்தில் இருந்தது. இன்றைய ஒளிப் போட்டியில் அந்த நினைவு எங்கே போயிற்று?

* * *

நிற்க. இதில் மொழி சார்ந்த ஒரு கேள்வியும் இருக்கிறது. நாம் மேலே சொன்ன அறிவு முழுவதும் தமிழிலேயே புழங்குகிறது. எர்த், ஷார்ட், கப்ளர், டிப்பர் என்ற சொற்கள் பிறமொழியிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் 'கரண்டு திரும்ப வழியில்லாமல் அலைகிறது' என்று காரண காரியத்தைக் கோக்கும் வாக்கியம் தமிழ். அந்த அறிவு வாய்மொழியிலேயே தங்கிவிட்டது. பெ. நா. அப்புசாமி அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதிக் காட்டினார். கோவையிலிருந்து கலைக்கதிர் வந்தது. அந்த மரபு, சாலையோரப் பட்டறையின் வாசல்வரை ஏன் வரவில்லை என்பதை நாம் சிந்திக்க வேண்டும். கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்கு நடத்துவோர் ரிலேக்குத் தமிழ் என்ன என்று விவாதிக்கிறார்கள். ரிலே கெட்டால் என்ன செய்வது என்று தமிழில் நான்கு பக்கம் எழுத முன்வருவோர் அரியர். சொல் பிறகு வரட்டும், முதலில் வாக்கியங்கள் வேண்டும் என்பது நம் கருத்து. கையில் கருவி வைத்திருப்பவர் எந்தச் சொல்லால் வேலை செய்கிறாரோ அந்தச் சொல்லோடு அவரது அறிவு எழுத்தில் ஏறட்டும்.

அவசரம் ஏன் என்றால், அந்த அறிவின் காலடி நிலம் சரிந்துகொண்டிருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் எல்.இ.டி. விளக்குகள் முத்திரையிட்ட ஒரே கூடாக வருகின்றன. உள்ளே ஒரு சிறு பாகம் கெட்டாலும் முழுக் கூட்டையும் மாற்ற வேண்டிய நிலை. சுவிட்சுக்கும் விளக்குக்கும் இடையே கணினிப் பெட்டி ஒன்று அமர்ந்து ஆணையிடுகிறது. அதன் பேச்சைக் கேட்க ஸ்கேனர் வேண்டும், நிறுவனத்தின் கையேடு வேண்டும். உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கு எளிதில் கிடைக்காதபடி செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போயிற்று. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தபோது மோட்டார் வாகனங்களையும் அதன் பார்வைக்குள் கொண்டுவந்தது. இவை சட்டப் பக்கத்துச் செய்திகள் மட்டுமல்ல. ஒரு பொருளைத் திறந்து பார்த்து, அது ஏன் வேலை செய்யவில்லை என்று அறியும் உரிமை, அறிவுரிமையின் ஒரு பகுதி. மூடிய நூலும் மூடிய விளக்கும் நமக்கு ஒன்றே.

மறுபுறம் நியாயமும் உண்டு. எல்.இ.டி. நெடுங்காலம் உழைக்கிறது, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தருகிறது. கணினிப் பெட்டி சில பழுதுகளைத் தானே அறிவிக்கவும் செய்கிறது. நாம் பழைமைக்கு வாதாடவில்லை. அந்தப் பெட்டிக்கும் நேர்முனை உண்டு, எர்த் உண்டு, களிம்பேறும் கப்ளர் உண்டு. விலையுயர்ந்த விளக்குக் கூட்டைக் கழற்றி எறியும் முன், பத்து நிமிடம் செலவழித்து அதன் எர்த்தைப் பாருங்கள் என்றே சொல்கிறோம்.

படிப்போர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை, இருட்டிய பின், வீட்டுச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி டிம்மையும் பிரைட்டையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு ஒளிவட்டங்களும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று கவனியுங்கள். ஒன்று மஞ்சள் பூத்திருந்தால் எர்த்தையும் கப்ளரையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் 'பல்பு மாற்றுங்கள்' என்று சொல்வதற்கு மாறாக, 'பல்பு வரைக்கும் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள்' என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் எதிரே நிற்பவரும் சிந்திக்கத் தொடங்குவார். சிந்தித்துக் கண்டுபிடித்தவருக்கு, மாற்றிய பொருளின் விலையோடு நில்லாமல், தேடிய நேரத்துக்கும் கூலி கொடுங்கள். திருகாணியைத் தேய்த்த அந்த எலெக்ட்ரீஷியன் கேட்டது ஐம்பது ரூபாய். பொருள் எதையும் விற்காததால் அதற்குமேல் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். பொருளுக்கு மட்டும் காசு கொடுக்கும் ஊரில் பொருளை மாற்றுகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள்.